கேள்வியும் நிரம்பலும்

பிள்ளை பார்க்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வாடிக்கையாளர் வளர்ந்துவிடுகிறார். மரக்கறிக் கடைக்கு வருகிறவர் இருபது வருடம் கழித்தும் வெண்டிக்காய் வாங்க வருவார். மூன்று வயதான பிள்ளை திரும்பி வராது. 2019 செப்டெம்பரிலிருந்து பிரான்சில் மூன்று வயதிலேயே பாடசாலை கட்டாயம். ஆகவே செப்டெம்பர் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு தொட்டில் வெறுமையாகும். போன வருடம் இரண்டும் ஒன்றாக வெறுமையாகின. வீட்டு வாடகை முழுவதும் கோப்பை கழுவும் என் சம்பளத்தின் தலையில் விழுந்தது.

என் மனைவி அனுமதி பெற்ற 'அசிஸ்தாந் மத்தேர்னெல்'. லாச்சப்பலில் இந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 'பிள்ளை பார்க்கிற அக்கா' என்றால் போதும். ஆனால் அந்த அனுமதி லேசில் கிடைத்ததல்ல. தாய் சேய் நலப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். யன்னல் கொளுவி, மருந்துப் பெட்டி, காஸ் அடுப்பு, சவர்க்காரத்தூள் வைத்த தட்டு எல்லாவற்றையும் பார்த்தார். மனைவியைப் பிரெஞ்சில் பேசவைத்துக் கேட்டார். எனக்கு ஒஃப்பிரா விசாரணை நினைவுக்கு வந்தது. அங்கே விட்டு ஓடிவந்த வீட்டைப் பற்றிக் கேட்டார்கள்; இங்கே இருக்கிற வீட்டைப் பற்றி. பிறகு 120 மணித்தியாலப் பயிற்சி, அதில் 80 மணி முதல் பிள்ளையை எடுக்க முன்னரே. அனுமதி ஐந்து வருடத்துக்கு. சட்டப்படி நான்கு பிள்ளைகள் வரை பார்க்கலாம். எங்கள் சின்ன வீட்டுக்கு இரண்டுதான் தந்தார்கள்.

பத்திரம் கிடைத்தால் பிள்ளை வந்துவிடாது. தேட வேண்டும். முதலில் போனது கடைச் சுவருக்குத்தான். அறையில் ஒரு இடம் உண்டு, ரியூசன், மொழிபெயர்ப்பு, நடுவில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். இவற்றுக்கிடையே எங்கள் துண்டையும் ஒட்டினோம். அன்று பின்னேரமே ரெலிபோன் வந்தது.

"பிள்ளை பார்க்கிற அக்காவோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"நீங்கள் ஊரிலை எவடம்?"

"வடமராட்சி."

"வடமராட்சியிலை எவடம்?"

சொன்னாள்.

"அதிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னாள். "இவரோடை கதைச்சுப்போட்டு எடுக்கிறன் அக்கா" என்றது குரல். எடுக்கவில்லை. பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை மணிக்கு விடவேண்டும் என்று கடைசிவரை சொல்லவுமில்லை. எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் குடிக்கக்கூடாது என்ற கணக்கு ஐந்தாயிரம் மைல் தாண்டியும் பிசகாமல் நடக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு என் படிப்பு நின்றுபோனது. பொருளியலில் கேள்வி, நிரம்பல் என்று படித்தது மட்டும் மனதில் நிற்கிறது. பொருளை வேண்டுவோர் அளவு கேள்வி. கொடுப்போர் அளவு நிரம்பல். லாச்சப்பலில் கேள்விக்கு வேறு அர்த்தம் என்பதை எந்த விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை.

வேறு அழைப்புகளும் வந்தன. ஒருவர் காசைக் கையில் தருவதாகவும் பதிவு வேண்டாம் என்றும் சொன்னார். இத்தொழிலில் பெற்றோர்தான் சட்டப்படி முதலாளி. ஒப்பந்தம் எழுதி மாதாமாதம் சம்பளத்தைப் பதிந்தால்தான் காஃப் அவர்களுக்கு ஒரு பங்கைத் தரும். வதிவிட அனுமதி இல்லாதவருக்கு அந்த உதவி இல்லை. அவருடைய நிலை விளங்கியது. ஆனால் பதியாமல் பார்த்தால் மனைவியின் பத்திரம் போய்விடும். இன்னொருவர், "நீங்கள் தமிழிலைதான் கதைப்பியள். எங்கட பிள்ளைக்குப் பிரெஞ்சு வரவேணும்" என்றார்.

பிரெஞ்சுப் பெற்றோர் வேறு வழியால் வந்தார்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் நகரசபையிலும் காஃபிலும் உண்டு. இவர்கள் ஊர் கேட்பதில்லை. சிகரெட் குடிப்பீர்களா, பூனை உண்டா, தொலைக்காட்சி காட்டுவீர்களா, பூங்காவுக்குக் கூட்டிப்போவீர்களா? நல்ல கேள்விகள். ஆனால் சிலர் மனைவியின் உச்சரிப்பைக் கேட்டதும் 'இடம் கிடைத்துவிட்டது' என்று வைத்துவிடுவார்கள். ஒரு தாய் நேரில் வந்து எல்லாம் பார்த்துவிட்டு, படியிறங்கும்போது, பிள்ளையின் உடுப்பில் கறி மணக்குமா என்று கேட்டார். எம்மவருக்கு ஊர் மணக்கிறது, இவர்களுக்குக் கறி.

கடைசியில் வழி திறந்தது எங்கள் றெஸ்ரோறன்ற் குசினியில். என்னோடு கோப்பை கழுவுகிற மாலி நாட்டவர் ஒருநாள் கேட்டார், "உன் மனைவி காலை ஐந்தரைக்குப் பிள்ளை எடுப்பாவா?" அவருடைய மனைவி கந்தோர்கள் துடைக்கிறவர். உத்தியோகத்தர் வருமுன் துடைத்து முடிக்க வேண்டும். நகரசபைக் கிறெஷ் காலை ஏழரைக்குத் திறந்து மாலை ஆறரைக்குப் பூட்டும். இந்த நகரத்தைத் துடைப்பவர்களும் இந்த நகரத்துக்குச் சமைப்பவர்களும் வேலை செய்வது அதற்கு முன்னும் பின்னும்தான்.

பாரிசுக்கு இது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொர்வான் மலைப்பகுதிப் பெண்கள் தங்கள் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு இங்குள்ள வசதியான வீடுகளில் பாலூட்டும் வேலைக்கு வந்தார்கள். கூலிக்கு வளர்க்கக் கொடுத்த பிள்ளைகளை அரச மேற்பார்வையில் கொண்டுவந்த சட்டம் 1874இல் வந்தது. அந்த வேலை ஒரு தொழிலாக இன்றைய பெயரைப் பெற 1977 ஆனது. வேலைக்காரியின் பிள்ளையை யார் பார்ப்பது என்பது மட்டும் அன்றும் இன்றும் பாதிக் கேள்வியாகவே நிற்கிறது.

மாலிப் பிள்ளைக்கு மனைவி ஓம் என்றாள். அதே கிழமை ஒரு தமிழ்ப் பெண்ணின் அழைப்பு வந்தது. லாச்சப்பல் கடையொன்றில் காசாளர். கணவர் குசினியில். "இரவு ஒன்பதரைக்கு வந்து எடுக்கலாமோ அக்கா?" அவர் கேட்டது அது ஒன்றுதான். ஊர் கேட்கவில்லை.

இவரைத்தான் இத்தனை நாளும் தேடினோம். ஆனால் எடுக்க முடியவில்லை. பிள்ளை பார்ப்பவருக்கு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் தொடர்ந்து பதினொரு மணித்தியால ஓய்வு வேண்டும் என்கிறது சட்டம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் மாலை ஆறரைக்கு முடிக்க வேண்டும். விடியலா, இரவா, ஒன்றுதான். நான் தமிழ்ப் பெண்ணின் பக்கம் பேசிப் பார்த்தேன். மனைவி கேட்டாள், "முதல் கேட்டது ஆர்? எங்கட ஆக்கள் எண்டு இப்ப நீங்களும் தொடங்கிறியளோ?" எனக்கு மறுமொழி இல்லை. இரண்டாவது இடத்துக்குப் பகல்நேரப் பிள்ளை ஒன்று வந்தது. அந்தப் பெண் தன் மகளை அனுமதியில்லாத ஒரு வயதான அம்மாவிடம் விட்டிருப்பதாகப் பிறகு அறிந்தோம். அந்த அம்மா பார்ப்பது எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது.

லாச்சப்பலில் பழைய மாணவர் சங்கம் உண்டு, ஊர்ச் சங்கம் உண்டு, ஆவணியில் பிள்ளையாருக்குத் தேர் உண்டு. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிகிற தாய் பிள்ளையை எங்கே விடுவாள் என்று எந்தக் கூட்டத்திலும் பேசக் கேட்டதில்லை. அனுமதி பெற்றவர்கள் சேர்ந்து வீட்டுக்கு வெளியே ஓரிடம் எடுத்து வேலை செய்ய 2010 சட்டம் இடம் தருகிறது. ஒருவர் விடியலையும் மற்றவர் இரவையும் பங்கிட்டால் ஓய்வும் மீறப்படாது. மனைவி இப்போது தேடுவது பிள்ளையை அல்ல, கூட வேலை செய்யப் பத்திரமுள்ள ஒரு பெண்ணை. துண்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். இதுவரை வந்த இரண்டு அழைப்புகளும் 'ஊரிலை எவடம்' என்றுதான் தொடங்கின.