இரண்டு வளையங்கள்

நம் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் கனமானது ஒரு காமிரா. லென்ஸோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். 'ஜெனித் ஈ' என்பது அதன் பெயர். மாஸ்கோவை அடுத்த கிராஸ்னோகோர்ஸ்க் நகரத்துத் தொழிற்சாலையில் 1965 முதல் பல ஆண்டுகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. ஜப்பானியக் காமிராவைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு திருப்தி அடைந்த குடும்பங்களுக்கு அந்நாளில் இதுவே கதி. அலுவல் நிமித்தம் மாஸ்கோ சென்று வந்த நண்பர் ஒருவரிடமிருந்து 1984ல் தந்தையார் இதைத் தவணை முறையில் வாங்கினார். தவணை தீரும் வரையில் அம்மா அதைத் தொடவே இல்லை என்பது வீட்டு வரலாறு.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கும். இதில் பாட்டரி கிடையாது. லென்ஸுக்கு மேலே, முகப்பில், ஒரு சிறு கண்ணாடிச் சாளரம். அதன் பின்னே செலினியத் தகடு. வெளிச்சம் பட்டால் அத்தகடே சிறிது மின்சாரம் உண்டாக்கி மேலேயுள்ள முள்ளை நகர்த்தும். வட்டத்தைத் திருப்பி முள்ளோடு குறியைச் சேர்த்தால், இன்ன ஷட்டர் வேகத்துக்கு லென்ஸின் துவாரம் இவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று தெரிய வரும். தெரிய வருமேயன்றி, காமிரா தானாக எதையும் செய்யாது. யோசனை மட்டுமே அதனுடையது, பொறுப்பு நம்முடையது. (நம் அலுவலகத்திலும் இத்தகைய மேலதிகாரிகளைக் கண்டிருக்கிறோம்.) வேகம் 1/30 வினாடி முதல் 1/500 வரை ஐந்தே படிகள். பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்த பிறகுதான் வேகத்தைத் திருப்ப வேண்டும், முன்னால் திருப்பலாகாது.

இவையெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது லென்ஸின் முகத்திலிருக்கும் இரண்டு வளையங்கள். முதல் வளையத்தில் வேண்டிய துவார எண்ணை, 8 என்றோ 11 என்றோ, குறித்து வைக்கிறோம். இரண்டாவது வளையம் துவாரத்தைத் திறக்கவும் மூடவும். முழுதும் திறந்து, 2 என்ற எண்ணில் வைத்தால்தான் காணும் சாளரம் வெளிச்சமாக இருக்கும். அப்பொழுதுதான் எதிரில் நிற்பவர் முகத்தைத் துல்லியமாக்க முடியும். முகம் தெளிந்ததும் இரண்டாவது வளையத்தை அது தானே நிற்கும் வரை திருப்ப வேண்டும். சாளரம் மங்கும். முகமும் இருளும். அதன் பின்னரே பொத்தானை அழுத்தலாம்.

"கண்ணுக்கு இருட்டினால்தான் பிலிமுக்கு விடியும்" என்பார் தந்தையார்.

பின்னாளில் வந்த காமிராக்கள் இதைத் தாமே செய்துகொண்டன. ஜெனித் ஈ செய்யாது.

ஒரு சுருளில் 36 படங்கள். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளைத்தான் அவர் வாங்குவார். நம் பக்கத்துச் சரக்கு என்று ஒரு பெருமை. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒரு சுருள் என்பது வீட்டு பட்ஜெட். கோடையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வருவதற்கு இருபது, பிறந்தநாள்களுக்கு ஐந்து, நவராத்திரிக் கொலுவுக்கு இரண்டு என்று மனத்துக்குள்ளேயே ஒதுக்கீடு நடந்துவிடும். ஆல்பத்தில் அம்மா இருக்கிறார், நாம் இருக்கிறோம், தங்கை இருக்கிறாள், ஊர்க் கன்றுக்குட்டி கூட இருக்கிறது. தந்தையார் இல்லை. தாமாக இயங்கும் விசை ஒன்று இக்காமிராவில் உண்டு. ஆனால் ஸ்டாண்டு வாங்க வழியில்லாமல், டிரங்குப் பெட்டியின்மேல் காமிராவை வைத்து அவர் ஓடி வருவதற்குள் அது முடிந்துவிடும். அப்படி எடுத்த மூன்று படங்களிலும் அவர் பாதி உட்கார்ந்த நிலையில், பாக்கி கேட்க யாரோ வந்ததைக் கண்டு எழுபவர் போலக் காணப்படுகிறார்.

1988ல் நமக்கு வயது ஒன்பது. தில்லி இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில், மாலை நேரம், படிக்கட்டில் நின்ற தந்தையார் காமிராவை நம் கையில் கொடுத்தார். முதல் வளையத்தில் 8 என்று வைத்ததும் அவரே. அர்ச்சனைத் தட்டுடன் இரண்டு படி மேலே போய் நின்றார். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு கூர்மையாகும் வரை நாம் லென்ஸைத் திருப்பினோம். அம்முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த மகிழ்ச்சியில் பொத்தானை அழுத்திவிட்டோம். இரண்டாவது வளையம் திறந்தே இருந்தது. 8 இருக்க வேண்டிய இடத்தில் 2. பதினாறு மடங்கு வெளிச்சம்.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "கரி" என்று ஒரே சொல்லில் முடித்தார். தந்தையார் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்தாறில் ஒன்று போயிற்றே என்ற கணக்கு மட்டும் அவர் முகத்தில் ஓடியது. அரசாங்க ஊழியராதலால் எதையும் எறிய மாட்டார். உறையில் போட்டு, பென்சிலால், கோப்பில் குறிப்பு எழுதும் கையெழுத்தில், "எண் 34. வளையம் மறந்தது" என்று எழுதி வைத்தார்.

2019ல் அவர் மறைந்தார். கூடத்தில் மாட்டுவதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. இருந்தவை அடையாள அட்டைப் படமும், நாம் முன்பு சொன்ன பாதி உட்கார்ந்த மூன்றும்தான். கைப்பேசி வந்த பிறகு எடுத்தவை நோய்ப்படுக்கைக் காலத்தவை. அவற்றை அம்மா விரும்பவில்லை. அலமாரியைத் துழாவியபோது அந்த உறை கிடைத்தது. வெளிச்சம் மிகுந்துவிட்ட நெகட்டிவில் உருவம் அழிவதில்லை. கறுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. அந்நாளைய ஸ்டூடியோவுக்கு எட்டாததை இன்றைய ஸ்கேனர் மீட்டுத் தந்தது. வேட்டியும் வானமும் வெளுத்துப் போயின. துவாரம் முழுதும் திறந்திருந்ததால் பின்னாலிருந்த படியும் சுவரும் மரமும் கரைந்து சுழல்கின்றன. மூக்குக் கண்ணாடியும் அதன் பின்னே இரண்டு கண்களும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

காமிரா இன்றும் இயங்குகிறது. நெடுங்காலம் தோலுறைக்குள் அடைபட்டிருந்ததால் லென்ஸில் லேசாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அத்தகைய காமிரா வைத்திருக்கும் அன்பர்கள் உறையினின்று வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வைப்பது நலம். கறுப்பு வெள்ளைச் சுருளும் கிடைக்கிறது. விலைதான் நம் தந்தையார் காலத்து பட்ஜெட்டில் அடங்காது.

படத்தைச் சட்டமிட்டுக் கொண்டுவந்த அன்று அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கே, என்னப்பா சொல்றார்?"

"வளையம், வளையம்னு கத்தினார்மா. நான்தான் அழுத்திட்டேன்."