உராய்வு

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் தவறாமல் வரும் சொல் ஒன்று உண்டு: உராய்வு. 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று தொடங்கி, இறந்தவர்களின் பெயரிலும் வயதிலும் முடியும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பள்ளியில் இயற்பியல் படிக்கும் முன்பே தெரியும்.

அதற்குள் நிறைய அடங்கியிருக்கிறது. மருந்தைக் கொஞ்சம் அழுத்தி இடிப்பது, தரையில் கிடக்கும் மணல், இரும்புக் கருவி. இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது நிலைமின்சாரம். இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான்கள் போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். இல்லையென்றால் துணியிலும் உடம்பிலும் தங்கும். தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்ற வறண்ட வானிலை ஒரு முக்கியக் காரணம். தொழிலைக் கொடுத்த அதே வறட்சிதான் உடம்பில் மின்சாரத்தையும் சேர்க்கிறது.

சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்கு விரல் நுனியில் 'சுருக்' என்று தெரியும். அந்தப் பொறியில் இருக்கும் ஆற்றல் ஒரு மில்லிஜூல்கூட வராது. ஆனால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதில் பாதிகூட வேண்டாம். சில மருந்துக் கலவைகளும் அப்படித்தான்.

அம்மா பதினாறு வருஷம் மருந்து செலுத்தும் அறையில் இருந்தவள். வேலைக்கு நூல் சேலைதான், நைலக்ஸ் கூடாது. செருப்பு வாசலோடு சரி. அறை வாசலில் ஒரு செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருப்பது கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும்.

"கோயில் படியத் தொட்டுக் கும்பிடுற மாதிரிதான்" என்பாள்.

"தீபாவளி நெருக்கத்துலயும் தொடுவீங்களாம்மா?"

"உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி. நாளைக்கு எத்தன தடவ உள்ளயும் வெளியவும் ஓடுறது? ஒவ்வொரு தடவையும் நின்னு தொட்டா எண்ணிக்கை குறையும்ல."

நான் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகள் பொருத்தும் வரிசையில் இருக்கிறேன். எனக்கும் அதே மின்சாரம்தான் எதிரி. சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே செத்துவிடும்; அவ்வளவு சின்ன அதிர்ச்சி நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் மணிக்கட்டில் தரையோடு இணைத்த பட்டை. எங்காவது கரண்ட் கம்பியில் கை பட்டாலும் எனக்கு ஆபத்து வராதபடி அதற்குள் ஒரு மெகாஓம் மின்தடை. காலில் இன்னொரு பட்டை. ஷிஃப்ட் தொடங்கும்போது கருவியில் விரல் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். காற்றின் ஈரப்பதத்தைக்கூட அளந்து எழுதி வைக்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கேட்டாள்: "மனுசருக்கு இல்ல, அந்தச் சில்லுக்கா இவ்வளவும்?"

சில்லுக்குத்தான். ஒரு சிப்பு போனால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே இயற்பியல். என் வாசலில் கதவே சோதிக்கிறது. அம்மாவின் வாசலில் அவசரத்தில் இருக்கும் ஒருத்தியின் ஞாபகத்தை நம்பி விட்டிருக்கிறார்கள். மண்ணுக்குள் போகும் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால் அந்தத் தகடு வெறும் தகடு. பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

யாராவது அதை அளக்க வேண்டும். நின்று தொட்டுவிட்டுப் போக ஆகும் அந்த இரண்டு நொடிக்கும் கூலி கொடுக்க வேண்டும்.