வளவில் ஒரு கூடாரம்

'முகாம்' என்ற சொல்லுக்குத் தங்குமிடம், பாசறை என்று அகராதி பொருள் கூறும். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைப் பேசுகின்ற ஊரும் தீர்மானிக்கின்றது. சாரண மாணவனுக்கு முகாம் என்பது மகிழ்ச்சியான ஓர் அனுபவம். 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுடன் நடத்திய முகாமே சாரணியத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1912 இல் மாத்தளையில் அது இலங்கையிலும் கால்பதித்தது. பாலாவியில் வாழ்கின்ற எங்களுக்கோ அதே சொல் வேறொன்றையும் நினைவூட்டுகின்றது.

கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்புகின்ற சந்திதான் பாலாவி. உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் நிறைந்த பகுதி இது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். என் உம்மாவும் வாப்பாவும் அவ்வாறு வந்தவர்களே. இவ்வூர் மக்கள் சோறாக்கிக் கொடுத்தார்கள். தங்க இடமும் கொடுத்தார்கள். பின்னர் தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழுந்தன. நான் பிறந்து வளர்ந்தது அத்தகைய ஒரு கொட்டிலில்தான்.

2020 மார்ச் மாதத்தில் கொவிட்-19 தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 18 ஆம் திகதி புத்தளத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாட்களில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. எனது ரியூசன் வகுப்பும் நின்றுபோனது. அப்போது என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு வயது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகள் ஒருநாள், "உம்மா, வளவுக்குள்ள முகாம் அடிப்பமா?" என்று கேட்டார்கள். கேள்வி சிறியது, ஆனால் எங்கள் வீட்டில் அது சிறிய கேள்வியன்று.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். தென்னை மரத்தின் கீழ் கூடாரம் அடிக்கக்கூடாது. தேங்காயும் மட்டையும் விழும். ஆகவே வேப்ப மரத்துக்கும் குசினித் தூணுக்கும் இடையே கயிறு கட்டி, அதன்மேல் படங்கை விரித்தோம். எங்கள் மண் மணற்பாங்கானது. களப்புக் காற்று வீசினால் முளைகள் பிடுங்குண்டுவிடும். அதற்காக வெற்று உரப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டிப் புதைத்தோம். உள்ளே பாய், தலையணை, நுளம்பு வலை. நுளம்புத்திரியும் லாம்பும் வெளியே. உள்ளே ரோச் லைட் மட்டும். இடி முழங்கினால் உடனே வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும் என்பதும் எங்கள் சட்டம்.

உம்மா திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து மண்வெட்டியை வாங்கினார். கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கம் அதைத் திருப்பிவிட்டார். "மழ பெய்தா தண்ணி உள்ளுக்கு வரும் மகன். பாய் நனைஞ்சா ராவைக்குப் படுக்கேலாது" என்றார். அது அவர் புத்தகத்தில் படித்த பாடமன்று. 1990 ஆம் ஆண்டின் மாரி மழையில் கற்ற பாடம்.

"உம்மும்மா, நீங்க எத்தன நாள் முகாமில இருந்தீங்க?" என்று மகன் கேட்டான்.

"பதினெட்டு வருசம்."

அவன் தன் விரல்களை எண்ணிப் பார்த்தான், போதவில்லை. அவனுடைய திட்டம் மூன்று இரவுகள்தான். "அப்ப வீட்டுக்குப் போகலையா?" என்றான். "வீடு அங்க இருந்திச்சு, போறதுக்கு வழிதான் இருக்கல்ல" என்று கூறி, அவனுடைய தலையைத் தடவினார்.

அன்றிரவு உம்மாவும் பிள்ளைகளோடு பாயில் இருந்தார். மேற்கு வானில் வெள்ளிக் கிரகம் மிகப் பிரகாசமாகத் தெரிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அது கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் மிக அருகே நின்றது. மன்னாரில் கடலுக்குப் போன மனிதர்கள் விண்மீனைப் பார்த்து நேரமும் திசையும் அறிந்த கதைகளை உம்மா சொன்னார். முப்பது ஆண்டுகளில் நான் கேட்டிராத கதைகள் அவை. கூடாரத்துக்குள் இருந்தபோதுதான் அவை வெளிவந்தன.

அதே மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மாக்ஸ் வூசி என்ற பத்து வயதுச் சிறுவனும் தன் வீட்டுத் தோட்டத்தில் கூடாரமடித்து உறங்கத் தொடங்கினான். அக்கூடாரம், நோயினால் இறந்துபோன அயலவர் ஒருவர் அவனுக்குக் கொடுத்தது. அந்த அயலவரைப் பராமரித்த நிலையத்துக்கு நிதி திரட்டுவதே அவனது நோக்கம். மூன்று ஆண்டுகள் அவ்வாறே உறங்கி, 7 இலட்சம் பவுணுக்கும் மேல் சேர்த்தான். அவனும் விரும்பியே வெளியில் உறங்கினான்; விரும்பினால் உள்ளே போக அவனுக்கு ஒரு கதவு இருந்தது.

விளையாட்டு முகாமுக்கும் அகதி முகாமுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். படங்கும் பாயும் லாம்பும் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில், பத்து அடி தூரத்தில் வீட்டுக் கதவு திறந்திருக்கின்றது. மற்றையதில் அது மூடப்பட்டிருக்கின்றது. "எலி வளையானாலும் தனி வளை" என்று நம் முன்னோர் கூறியதன் அருமையை, வளையை இழந்தவர்களே நன்கு அறிவர்.

மாணவர்களே, பரீட்சை முடிந்து கிடைக்கின்ற விடுமுறையில் உங்கள் தம்பி தங்கையருக்கு வளவில் ஒரு கூடாரம் அடித்துக் கொடுங்கள். முடிச்சுப் போடவும், காற்றின் திசை பார்க்கவும், இருட்டுக்கு அஞ்சாதிருக்கவும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அதனுள்ளே ஒரு முதியவருக்கும் இடம் வையுங்கள். அவர் மன்னாரிலிருந்து வந்தவராயினும், அவரை வரவேற்றுச் சோறு கொடுத்தவராயினும், சொல்வதற்கு அவரிடம் ஏதேனும் இருக்கும். வரலாற்றுப் பாடநூலில் ஒரு வரியாக வருவது அவருக்கு ஒரு வாழ்நாள். அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.