சீட்டின் மறுபக்கம்

மூச்சு சீராகிவிட்டால் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணுவோர் பலர். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். அந்த எண்ணத்தால் என் மனைவி பட்ட துன்பத்தை எழுதுகிறேன்; வேறொரு குடும்பத்திற்கேனும் இது பயன்படட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மணவூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுடைய கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுடன் ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தாள். கட்டுக்கு மேலே தொடை வீங்கி வலித்தது. கட்டின் இறுக்கம் என்று இருந்துவிட்டோம். ஒரு விடியற்காலை திடீரென மூச்சுத் திணறியது, நெஞ்சு குத்தியது, இருமலில் இரத்தம் வந்தது. வாடகைக் காரில் சென்னைக்கு விரைந்தோம்.

அசையாத காலின் சிரையில் இரத்தம் உறைந்து, அக்கட்டி பிய்ந்து, இதயத்தின் வழியாகச் சென்று நுரையீரல் தமனியை அடைத்திருந்தது. ஹெப்பாரின் ஊசியையும் வார்பரின் மாத்திரையையும் தொடங்கினார்கள். மாத்திரை முழுப் பயன் தர ஐந்து நாளேனும் ஆகும். அதுவரை ஊசிதான் காவல். இம்மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமலும் புதிது தோன்றாமலும் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்கிறது. அதற்குத்தான் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

வார்பரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அளவு மிகுந்தால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, அது 2க்கும் 3க்கும் இடையே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆறாவது வாரத்தில் அவள் முற்றத்தைப் பெருக்கத் தொடங்கினாள். பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் இரயில் ஏறிச் சென்னை செல்வதால் எனக்கு ஒரு நாள் கூலி போயிற்று. "நன்றாகத்தானே இருக்கிறாய்? மாத்திரை போதும்" என்றேன்.

"என்னங்க, டாக்டர் மூன்று மாதம் என்றல்லவா சொன்னார்?" என்றாள்.

நான் கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் மீண்டும் அதே திணறல், அதே ஓட்டம். உயிர் தப்பியது பெரும்பேறு. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பழைய மருந்துச் சீட்டைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கத்தைப் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்தேன்.

அதில் எழுதியிருந்தவை எளியவையே. மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் விழுங்குக. கீரையை விலக்க வேண்டாம். ஆனால் ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாதீர். ஆஸ்பிரின், வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேளாமல் கொடுக்காதீர். ஈறில் இரத்தம், கறுத்த மலம், விழுந்து தலையில் அடி என்றால் உடனே வருக. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்.

இப்போது பலருக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாத புது மாத்திரைகளைத் தருகிறார்கள். அவற்றின் காவல் ஒன்றிரண்டு நாளில் நீங்கிவிடும் என்பதால், வேளை தவறுதல் அங்கும் ஆபத்தே. மூன்று மாதம் கழிந்தும் இளைப்பு நீங்காவிடில் மீண்டும் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்க வேண்டும்.

என் மனைவி இன்றும் வார்பரின் உட்கொள்கிறாள். பரிசோதனை நாளில் காலை இரயிலில் இருவரும் செல்கிறோம். அளவு எழுதிய குறிப்பேடு என் சட்டைப் பையில் இருக்கிறது. அன்றைய கூலியை நான் கணக்கிடுவதில்லை.