வாய் திறந்தா யாருக்கு ஆபத்து?

தச்சங்குறிச்சி. கந்தர்வகோட்டை பக்கம்.
வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு வழக்கமா அங்கதான்.

நேத்து சாயங்காலம் அந்த ஊர் அண்ணன் ஒருத்தர் காளைய கம்மாய்க்கு நீச்சலுக்கு ஓட்டிட்டுப் போறார்.
வழியெல்லாம் அதுகூடப் பேச்சு.
"என்னய்யா, பருத்திக்கொட்டை பத்தலயா? மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"
காளை காதை மட்டும் ஆட்டுச்சு.

"இதெல்லாம் என்னைக்காவது திருப்பிப் பேசுமாண்ணே?"ன்னேன்.
"பேசாததாலதான் தம்பி இன்னும் எங்கிட்ட இருக்கு."

ராத்திரி தூக்கம் வரல. நம்ம பேச்சு மிருகங்களுக்குப் புரியுமான்னு தேடிப் படிச்சேன்.

அமெரிக்கால சேசர்னு ஒரு நாய் இருந்துச்சு. 1,022 பொம்மைக்குப் பேர் தெரியுமாம். சொன்னா சரியா எடுத்துட்டு வரும்.
எனக்கு எங்க தெருவுலயே பாதிப் பேரோட பேர் தெரியாது.

அலெக்ஸ்னு ஒரு சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 30 வருஷம் பழக்குனது. நிறம், வடிவம், எண்ணிக்கைன்னு கேட்டா வாயாலயே பதில் சொல்லும். 2007ல செத்துப்போச்சு.

நாய்க்குப் புரியுது, வாய் வரல. கிளிக்கு வாய் வருது.

ஆனா நம்ம ஊர்ப் பச்சைக்கிளிய வீட்டுல வளர்த்தா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ்.
பேசத் தெரிஞ்சதை வச்சுக்கக் கூடாது!
(நியாயம்தான். கூண்டுக்குள்ள இருந்துகிட்டு நம்மளப் பத்தி நல்லதாவா பேசப்போகுது?)

எங்க வீட்டுப் பூனை பேசுனா, டயட்ல இருக்கேன்னு சொல்லிட்டு ராத்திரி அடுப்படியில நான் பண்றதெல்லாம் அம்மா காதுக்குப் போயிரும்.

உங்க வீட்டுல எது பேசுனா யார் மொதல்ல மாட்டுவீங்க?