நானூற்று இருபது ரூபாய் கம்ப்யூட்டர்

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் புகார். அதனால் இந்த முறை கம்ப்யூட்டர். (கொஞ்சம் கணக்கும் வரும். பி.காம். படிக்கிறவனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?)

எங்கள் ஊர் குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம். சென்னையில் ஒரு கொளத்தூர் இருப்பதால் இதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். அப்பா இங்கே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். மனு டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, மின் கட்டணம் கட்டிக் கொடுப்பது, இதில்தான் வீடு ஓடுகிறது. இது எல்லாவற்றையும் செய்வது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்டதை 2019ல் திருச்சியில் 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். தடிமனான டிக்‌ஷனரி அளவுதான் இருக்கும். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். கடையில் கூட்டம். கல்லூரி விண்ணப்பம் போட வந்த ஒரு பெண், பாதி பூர்த்தி செய்ததும் திரை அப்படியே நின்றுவிட்டது. அப்பா அணைத்துப் போட்டார். ஆன் ஆகி, பிரவுசர் திறக்க நான் கடிகாரம் பார்த்து எண்ணியது 4 நிமிடம் 40 வினாடி. அதற்குள் அந்தப் பெண், "பரவால்லண்ணா, கீரனூர்லயே போட்டுக்கிறேன்" என்று சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் போனார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "புதுசு ஒன்னு தவணையில எடுத்துடலாமா தம்பி?" என்றார். அந்தத் தவணை என்னுடைய அடுத்த செமஸ்டர் ஃபீஸில் கை வைக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், இது ஏன் இப்படி நகர்கிறது என்று. பழசானதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிராசஸரை டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 10 சதவீதம், 15 சதவீதம் என்று சும்மா கிடக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம்! உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. ஒரு சின்ன ஃபைலைத் தேட முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து, படித்து... இப்படி வினாடிக்கு நூறு இடத்தைக்கூட அதால் தொட முடியாது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும்.

ரேம் குறைவாக இருந்தால் இது இரட்டைத் தண்டனை. ரேம் என்பது கடை மேசை, ஹார்ட் டிஸ்க் என்பது பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை சின்னது என்பதால் விண்டோஸ் பாதிச் சாமானைப் பரணில் ஏற்றிவிடும், திரும்ப வேண்டும் என்றால் ஏணி போட்டு இறக்கும். எங்கள் கடையில் ஏணியும் உடைசல்.

ஆக எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டால் போதும். சுலபம்தானே? அப்படித்தான் நினைத்து பஸ் ஏறினேன்.

திருச்சி கடையில், "லேப்டாப் ரேமா, டெஸ்க்டாப் ரேமா தம்பி?" என்று கேட்டார்கள். இதென்ன கேள்வி, "டெஸ்க்டாப்ண்ணே" என்றேன் கெத்தாக. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், என் கையில் இருப்பது 13 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இருக்கும் இடம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. அதன் பின் 240, இதன் பின் 204. இந்த மாதிரிக் குட்டிப் பெட்டிகள் எல்லாம் பேரில்தான் டெஸ்க்டாப், உடம்பு லேப்டாப். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு போக வர பஸ் டிக்கெட் ஆனது.

சரி, லேப்டாப் ரேம்தானே என்று பரணில் ஏறினேன் (இது நிஜப் பரண்). அக்கா 2012ல் வாங்கிய அரசு இலவச லேப்டாப் அங்கே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15ல் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் வந்தது. பேட்டரி செத்து, திரையில் கோடு விழுந்து பல வருடம் ஆகிறது. அதிலிருந்த ரேமைக் கழற்றிப் போட்டேன். அளவு கச்சிதம். ஆனால் திரை கறுப்பு. எங்கள் பெட்டி கேட்பது டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட். அக்காவுடையது வெறும் டிடிஆர்3, 1.5 வோல்ட். ஒரே ஒரு "எல்"!

மறுபடி திருச்சி. பில் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். 8 ஜிபி டிடிஆர்3எல் 1,000 ரூபாய், 240 ஜிபி எஸ்.எஸ்.டி. 1,500, அதை யு.எஸ்.பி.யில் மாட்ட ஒரு கேபிள் 350. நல்ல நேரத்தில் வாங்கினோம். அந்த வருடக் கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ரேம் போட ஐந்து நிமிடம் ஆனது. எஸ்.எஸ்.டி.தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அப்பா இத்தனை வருடமாக டைப் அடித்த மனுக்கள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கின்றன. யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த காலத்து ஃபான்ட்கள். 2010லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் அப்பாவின் விரலுக்கு அந்த அரசாணை வந்து சேரவில்லை. அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் "ஐயா, வணக்கம்" என்பது ஏதோ கெட்ட வார்த்தையை மறைத்து எழுதிய மாதிரி ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். சில ஃபான்ட்கள் எந்த சி.டி.யில் வந்தன என்றே அப்பாவுக்கு நினைவில்லை. ஆகவே பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகல் எடுப்பது ஒன்றுதான் வழி.

முதலில் மனுக்கள், கடன் பாக்கி எக்செல், ஃபான்ட் ஃபோல்டர் மூன்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். தயவுசெய்து நீங்களும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு நகலை ஆரம்பித்தேன். 61 சதவீதத்தில் நின்றது. டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டார்! அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்ட குரலை என்னால் மறக்க முடியாது. இல்லப்பா என்றேன். எனக்கே நிச்சயமில்லை. செக்-டிஸ்க் ஓடவிட்டோம், விடிய நான்கு மணி வரை ஓடியது. நடுவில் கரண்ட் போகக் கூடாது என்று அம்மா வேண்டிக்கொண்டார். கரண்ட் போகவில்லை. இரண்டாவது முயற்சியில் 100 சதவீதம்.

எஸ்.எஸ்.டி.யை உள்ளே மாட்டி, பட்டனை அழுத்தி, எண்ண ஆரம்பித்தேன். 22 வினாடி. அப்பா முதலில் திறந்தது ஒரு பழைய அழைப்பிதழ். தமிழ் தமிழாகவே தெரிந்தது.

ஒரு தலைவலி மிச்சம். விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்காது. லினக்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும், ஃபான்ட்டும் பிரிண்டரும் ஒத்துழைத்தால்.

இப்போது கணக்கு. 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் குறைந்துசெல் மதிப்பில் 40 சதவீதம். 9,000 ரூபாய்ப் பெட்டிக்கு ஆறு வருடம் கழித்துப் பாருங்கள்: 5,400, 3,240, 1,944, 1,166, 700, கடைசியில் 2025 மார்ச்சில் 420. ஆமாம், நானூற்று இருபதேதான், நான் வேண்டுமென்று வைக்கவில்லை :) அதன் மேல் 2,850 ரூபாய் செலவு. இது முதலினச் செலவா, வருவாயினச் செலவா? ரேம் திறனைக் கூட்டியது, அதனால் முதலினம். கெட்ட டிஸ்க்குக்குப் பதில் டிஸ்க் என்றால் பழுதுபார்ப்பு, வருவாயினம். ஆனால் வேகமும் கூடிவிட்டதே? எங்கள் சாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு அதையே வகுப்புக்கு அசைன்மென்ட்டாகக் கொடுத்துவிட்டார். (என்னைத் திட்டிய அத்தனை பேரிடமும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

அசைன்மென்ட்டுக்காக, அப்பா இதை எப்படி எழுதியிருக்கிறார் என்று கடை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 2,850ஐ "டீ, பால், இதர" கணக்கில் எழுதி வைத்திருந்தார்.