கை மட்டும் தெரியும் மனிதர்

படக்கதை என்றதும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று புன்னகையோடு ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அறிவியல் புனைகதை என்றாலோ, அது மேலைநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடுவாரும் உளர். இவ்விரண்டையும் ஒருங்கே நேசித்து, அலுவல் முடிந்தபின் எஞ்சும் நேரத்தை அவற்றுக்கே செலவிடும் யாம், எம் பக்கத்து நியாயத்தை இம்மலரின் வாயிலாகச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

யாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். படித்தது பி.ஏ. ஓவியம் முறையாகப் பயின்றதில்லை. தருமபுரியிலிருந்து பணி நிமித்தம் பெங்களூருக்கு வந்து, நகரத்து வாடகைக்கு அஞ்சி ஆனேக்கலில் குடியேறிப் பதினோராண்டுகள் ஆகின்றன. காலையும் மாலையும் பேருந்திலேயே மூன்று மணி நேரம் கழிந்துவிடும். இரவு உணவு முடிந்து பாத்திரங்கள் அகன்ற பின்னரே சாப்பாட்டு மேசை எமக்குச் சித்திர மேசையாகும். வயது நாற்பத்தாறு, இவ்வாண்டு வெள்ளெழுத்து வந்து, நேர்கோடு இழுக்கவும் கண்ணாடி வேண்டியதாயிற்று. மூன்றாண்டுகளில் முடித்த பக்கங்கள் இருபத்து நான்கு. எம் கலைவாழ்வின் வரலாறு இவ்வளவே.

இந்த ஆசைக்கு வித்திட்டவர் இரும்புக்கை மாயாவி. 1972-ஆம் ஆண்டு சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கப்பெற்றபோது, அதன் முதல் இதழாக வந்தவர் அவரே. எம் இளமையில் அப்பழைய இதழ்களும், 1984-இல் அதே ஊரில் தோன்றிய லயன் காமிக்ஸும் கைமாறிக் கைமாறி எம்மிடம் வந்து சேர்ந்தன. மாயாவியின் கதை எளியது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த ஒருவன் இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியில் தெரியும். அந்த ஆற்றலும் நிலையானதன்று. சிறிது நேரத்தில் வடிந்துவிடும். மீண்டும் மறைய மீண்டும் மின்சாரத்தைத் தொட வேண்டும்.

நல்ல அறிவியல் புனைகதையின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. உலக நியதியில் ஒன்றே ஒன்று மாறுகிறது. அம்மாற்றத்திற்கு ஒரு விதி உண்டு, விலையும் உண்டு. கதை அவ்விதியை மீறுவதில்லை. இன்றைய திரைப்படங்கள் பலவற்றில் இயந்திரங்கள் வானளாவ வளர்கின்றன, நகரங்கள் நொறுங்குகின்றன, ஆனால் எவரும் எதற்கும் விலை கொடுப்பதில்லை. தமிழ்த் திரைக்கு இத்துறை புதிதன்று. 1963-இல் வெளிவந்த 'கலை அரசி' படத்திலேயே வேற்றுக் கோளினர் இசை கற்பிக்க ஒரு தமிழ்ப்பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' கால இயந்திரத்தை வைத்துக்கொண்டு மிகச் சாதாரண மனிதரின் சிக்கல்களையே பேசிற்று. எம் மனத்தில் நிலைப்பவை இத்தகையனவே. பெருஞ்செலவில் எழுப்பிய பிரம்மாண்டம் அன்று.

மாயாவியின் மூலம் ஆங்கிலம். 1962-இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. பெயர் மறைந்தது, கைவேலை மட்டும் தெரிந்தது. எழுத்தரின் நிலையும் இதற்கு வேறன்று. குறிப்பு எழுதுவது யாம், கையொப்பம் மேலவருடையது. பிழைப்புக்காக மண்விட்டு வந்த நம்மில் பலரும் வேற்றூரில் உழைப்பு மட்டும் தெரிய, ஆள் தெரியாமல் வாழ்கிறோம் அன்றோ!

ஆயினும் வேற்றூர் வாழ்வு படைப்புக்குத் தடை என்று கருத இடமில்லை. அதற்குச் சான்று சுஜாதா. இதே பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில்தான் தமிழில் அறிவியல் புனைகதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தார். 1980-களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' கதையில் நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாக வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். அது பேசுவது தமிழ். எதிர்காலம் ஆங்கிலத்தில்தான் பேசும் என்று எண்ணியிருந்த எமக்கு அது பெரிய விடுதலை.

அதனால்தான் எம் படக்கதையின் களம் நியூயார்க் அன்று, ஆனேக்கல். ஆலங்கட்டியைக் குறிக்கும் கன்னடச் சொல்லே இவ்வூர்ப் பெயராயிற்று என்பர். எம் கதையில் ஆலங்கட்டி மழையோடு ஓர் இயந்திரச் சிறுவன் வந்து விழுகிறான். பட்டுத்தறி வீடொன்றில் அடைக்கலம் புகுகிறான். தறியை வரைய வேண்டி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு நெசவாளர் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். பாவும் ஊடையும் நாடாவும் அறிந்தவைதாம். தறியின் மேலிருந்த ஜக்கார்டு பெட்டியும், துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து எந்த இழை உயர வேண்டும் என்று ஆணையிடுவதும் எமக்குப் புதியவை. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு வகுத்த முறை அது. 1830-களில் தம் கணிப்பொறிக்குத் திட்டமிட்ட பாபேஜ், அத்துளை அட்டைகளையே மாதிரியாகக் கொண்டார். ஆக, கணிப்பொறியின் பாட்டன் எம் பக்கத்துத் தெருவில் இன்றும் சேலை நெய்துகொண்டிருக்கிறான்! எம் இயந்திரச் சிறுவன் அத்தறியைக் கண்டு, "தாத்தா" என்று வணங்குவதாக ஒரு கட்டம் வரைந்தோம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் எம் மகள் அப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அப்பா, செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் வரைந்து தருமே. நீங்கள் ஏன் ஒரு மாதம் கஷ்டப்படுகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. புனைகதையாகப் படித்தது இன்று வீட்டுக்குள் வந்து நிற்கிறது. அது எம்மினும் செம்மையாக வரையும் என்பதை மறுப்பதற்கில்லை. யாம் சொன்ன விடை இதுதான்: "அது படத்தைத் தரும், அம்மா. ஆனால் அதனிடம் கேட்டிருந்தால், நான் அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்." பதினோராண்டுகளாக நாள்தோறும் கடந்து சென்ற தெரு அது. வரையப் போனதால்தான் அங்குள்ளவர் பெயர் தெரிந்தது. தறியின் உறுப்புகளுக்குக் கன்னடச் சொற்கள் தெரிந்தன. அவர்களுக்கும் எம்மைத் தெரிந்தது. ஒரு பொருளை வரைய வேண்டுமாயின் அதை உற்று நோக்கியே தீர வேண்டும். அந்த நோக்கே இவ்வூரை எமக்கு ஊராக்கிற்று.

மகளுக்கு விடை முழுதும் நிறைவளித்ததா என்று அறியோம். அவள் பள்ளியில் பயில்வன கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் பேசுவாள், எழுத்து வராது. மறுவாரம் அவளே வந்து, இயந்திரச் சிறுவன் பேசுவதைக் கட்டங்களில் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். யாம் பென்சிலால் எழுதிக் கொடுக்க, அதன்மேல் மை தீட்டத் தொடங்கினாள். கடைசி ஆறு பக்கங்களின் எழுத்து அவளுடையது. எழுத்துகள் சற்றே சாய்ந்திருக்கும். 'ண'கரத்தின் சுழிகள் சில இடங்களில் கூடியும் குறைந்தும் இருக்கும். வேற்றுலகிலிருந்து வந்து தமிழ் பயிலும் சிறுவனுக்கு அக்கையெழுத்தே பொருத்தம் என்று திருத்தாமல் விட்டோம்.

நாற்பது படிகள் ஒளிநகல் எடுத்துச் சங்கத்துப் பிள்ளைகளுக்கு வழங்க எண்ணியுள்ளோம். முதற்பக்கத்தில் படம், எழுத்து என இருவர் பெயரையும் அச்சிடுமாறு மகள் சொல்லியிருக்கிறாள். அவ்வண்ணமே செய்வோம்.